11ஆம் எண் கூண்டு: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டப் பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் என் தம்பி படிக்கும் கல்லூரியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. இன்னொரு பெருந்தொற்று வந்தால் எப்படி நடந்துகொள்வது என்று பேச வந்தவர், எடுத்த எடுப்பிலேயே “வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்புகிற தலைமுறை நீங்கள்” என்று ஆரம்பித்தாராம். பிள்ளைகள் வழக்கம்போல் கைதட்டியிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் சுவரொட்டிப் போட்டி, முதல் பரிசு ஒரு டிபன் பாக்ஸ். அது தம்பிக்குத்தான் கிடைத்தது. இப்போது அம்மா அதில்தான் துறைமுகத்துக்குச் சோறு கொண்டுபோகிறார். பரிசைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் ஆரம்பித்த அந்த வாக்கியம்தான் உறுத்துகிறது.

நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவள். அம்மா துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து மீன் விற்பவர். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வீட்டில் ஸ்மார்ட்போன் இரண்டே இரண்டு, ஒன்று என்னிடம், இன்னொன்று தம்பியிடம். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் எதிர்வீட்டு இரண்டு குடும்பங்களுக்கும் கொரோனா பற்றிய செய்தி எங்கள் இருவர் வழியாகத்தான் போனது. படித்துச் சொல்வது, விளக்குவது, சில சமயம் மறைப்பது, எல்லாம் எங்கள் வேலை. இந்த மாவட்டத்தில் அந்த வயதில் இருந்த பெரும்பாலோர் கதை இதுதான்.

என்னவெல்லாம் வந்தது என்று உங்களுக்கும் தெரியும். கால் மணிக்கு ஒருமுறை வெந்நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடும். பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் தொற்று இல்லை. பூண்டு, வேப்பிலை, கற்பூரம். 5ஜி கோபுரம்தான் காரணம் என்றும் ஒரு வீடியோ வந்தது. (இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியதே 2022 அக்டோபரில். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் மொட்டைமாடிக்கு ஏறினால்தான் 4ஜி ஒழுங்காகக் கிடைக்கும்.) இவற்றை நாங்கள் நம்பவில்லை. ஸ்டிக்கர் செய்து சிரித்தோம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்படும்வரை, வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு மருத்துவம் சொன்னவர்களைப் பார்த்து நடித்துக் காட்டுவதுதான் என் தோழிகளுக்குப் பொழுதுபோக்கு.

எங்களைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் வேறு சிலரும் சேர்ந்து 2020 இறுதியில் 24 நாடுகளில் 18 முதல் 40 வயதுவரை உள்ள சுமார் 23,500 பேரிடம் கேட்டார்கள். பொய்ச் செய்திகள் உலவுவது தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று 59.1 சதவீதம் பேர் சொன்னார்கள். அறிவியல் தகவல் கிடைத்தால் பகிர்வோம் என்றவர்கள் 43.9 சதவீதம். ஆனால் பொய் என்று தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம் என்று 35.1 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம். அந்த மூன்றில் ஒருத்தி நான். ஏன் விட்டோம் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் குடும்பக் குழுவில் 27 பேர். அதில் வருவதில் முக்கால்வாசி பெரியப்பா அனுப்புவது. அப்பா இறந்தபின் எங்களைப் படிக்கவைத்தவர் அவர். 27 பேர் பார்க்க “பெரியப்பா, இது பொய்” என்று எழுத என் விரல் வருமா? வராது. தனியாக போன் செய்து, “பெரியப்பா, இன்னார் வேற மாதிரி சொல்றாங்க” என்று இழுக்க முடியும். அதற்கு ஓர் ‘இன்னார்’ வேண்டும். பெரியப்பாவும் மதிக்கக்கூடிய ஆளாக, எங்கள் பேச்சில் பேசுகிற ஆளாக, கேட்டால் பதில் சொல்கிற ஆளாக ஒருவர் வேண்டும். எது பொய் என்று கண்டுபிடிப்பது எங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை. அந்த ‘இன்னார்’தான் கிடைக்கவில்லை.

உங்கள் தரப்பிலிருந்து தினமும் மாலை அறிக்கை வந்தது, மறுக்கவில்லை. ஆங்கிலத்தில், பல பக்கப் பிடிஎஃப்பாக, கட்டம் கட்டமாக எண்கள். தம்பி கடலூர் வரியைத் தேடிப் படிப்பான். அம்மா கேட்பார்: “சரி, நாளைக்கு நான் கூடை எடுக்கலாமா, கூடாதா?” அதற்கு அந்தப் பிடிஎஃப்பில் பதில் இருக்காது.

அப்புறம் அந்த மே மாதம். தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து மூட்டை தூக்கும் தொழிலாளிகள் லாரி லாரியாக ஊர் திரும்பினார்கள். மே 4 அன்று ஒரே நாளில் நம் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரம் எங்கள் போன்களுக்கு ஒரு பட்டியல் வந்தது. பெயர், வயது, தெரு, செல்போன் எண், எல்லாம் அதில் இருந்தன. எங்கிருந்து கசிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. என் தோழியின் அப்பா பெயர் அதில் இருந்தது. தெருமுனையில் தகரம் வைத்து அடைத்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட் போட ஆள் இல்லை. அவளுக்கு இரவெல்லாம் தெரியாத எண்களிலிருந்து போன் வரும். எடுத்தால் திட்டு.

நீங்கள் வதந்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் பரிசோதனைக்குப் போகாமல் ஆட்களைத் தடுத்தது அந்த உண்மைப் பட்டியல்தான். அதற்குப் பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, இருமலை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டார்கள். ‘பரிசோதனை செய்துகொள்வீர்’ என்ற உங்கள் சுவரொட்டியை நாங்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்போம் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் புயல் கூண்டைப் பற்றிச் சொல்ல வருகிறேன்.

கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது, பதற வேண்டியதில்லை. மூன்று என்றால் போட்டை இழுத்துக் கட்டு. எட்டு, ஒன்பது, பத்து என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்குப் போ. எழுத்தே தெரியாத என் ஆயா இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் சொல்வார். இன்னொன்றும் கவனியுங்கள். நேற்று நாகப்பட்டினம் பக்கம் கரை கடக்கும் என்று சொன்ன புயல், இன்று கடலூர் பக்கம் என்கிறார்கள். நாளை அது வலுவிழந்து மழையோடு போய்விடுகிறது. யாரும் “பொய் சொல்லிட்டாங்க” என்று சொல்வதில்லை. காற்று திரும்பிவிட்டது என்று சொல்லிவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்து பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை நான் பள்ளிப் பிள்ளையாகப் பார்த்தவள். 2004-ல் சுனாமி வந்த நான்காம் நாள், மறுபடி அலை வருகிறது என்று அரசே எச்சரித்து, கரையெல்லாம் ஓடி, கடைசியில் ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி அம்மாவிடம் கேட்டால், “ஓடினது வீண்தான், ஆனா நாளைக்கு ஓடச் சொன்னாலும் ஓடுவேன்” என்பார்.

ஏன் அந்த நம்பிக்கை? எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எந்த நேரத்து நிலவரம் என்று தெரியும். அடுத்த அறிவிப்பில் மாறலாம் என்று முதலிலேயே சொல்லியிருப்பார்கள். என் வயதுப் பிள்ளைகள் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானைப் பின்தொடர்வதும் இதற்காகத்தான். அவர் வானிலைத் துறை அதிகாரி இல்லை. ஆனால் எதனால் அப்படி நினைக்கிறார் என்று மேகப்படத்தைக் காட்டிச் சொல்கிறார். உறுதியில்லாவிட்டால் உறுதியில்லை என்கிறார். நிச்சயமில்லாத செய்தியைக் கையாள நாங்கள் பழகியவர்கள். எங்கள் தலைக்கு மேலே வங்காள விரிகுடா இருக்கிறது, பழகாமல் முடியாது.

கொரோனா காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு நேர்மாறாக நடந்தது. 2020 தொடக்கத்தில் நோயில்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள். ஏப்ரலில் மத்திய அரசு, வீட்டில் தைத்ததையாவது மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள் என்றது. ஜூனில் உலக சுகாதார நிறுவனமும் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. அறிகுறி இல்லாதவர்களிடமிருந்தும் பரவுகிறது என்பது மெல்லத்தான் தெளிவானது, மருத்துவப் பணியாளர்களுக்கே முகக்கவசம் தட்டுப்பாடு. இந்தக் காரணங்களை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்கள் காதில் விழுந்தது ‘போடாதே’, பிறகு ‘போடாவிட்டால் அபராதம்’. நடுவில் ‘காற்று திரும்பிவிட்டது’ என்று சொல்ல ஆள் இல்லை.

கபசுரக் குடிநீரும் அப்படித்தான். எதிர்ப்புச் சக்திக்கு என்று அரசே கொடுத்தது, தெருவெல்லாம் அண்டா வைத்து ஊற்றினார்கள். குடித்தோம், கசந்தது, அதில் தப்பில்லை. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அண்டா பக்கத்தில் நின்ற யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடம் தடுப்பூசி வந்தபோது அம்மா கேட்டது: “அதான் கஷாயம் குடிச்சோமே, அப்புறம் எதுக்கு ஊசி?” கேள்வியில் என்ன தவறு?

தடுப்பூசியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி காலமானார். ஊசிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று அதிகாரிகள் உடனே சொன்னார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே சொன்னது. சொன்னது சரிதான். ஆனால் இடைப்பட்ட ஆறு மாதம் எங்கள் மீன் மார்க்கெட்டில் பாதிப் பெண்கள் முகாம் பக்கம் தலைகாட்டவில்லை. இளசுகளான நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? ஊசியால்தான் அவர் இறந்தார் என்று எங்களில் அதிகம் பேர் நினைக்கவில்லை. ‘அப்படி ஏதாவது இருந்தாலும் நம்மிடம் சொல்லவா போகிறார்கள்’ என்றுதான் நினைத்தோம். ஒரு செய்தியைப் பொய் என்று மறுப்பது சுலபம், இந்த நினைப்பை மறுப்பது கஷ்டம்.

அதே ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் பெண்கள் ஊசி போடக் கூடாது என்றது அது. மத்திய அரசின் தகவல் பிரிவு ‘போலி’ என்று சிவப்பு முத்திரை குத்தியது. அதுவும் சரிதான், அந்தத் தேதிகளில் போடக் கூடாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மே 1 முதல் 18 வயது தாண்டியவர்களுக்கு ஊசி என்றதும் நானும் தோழிகளும் இடம் பிடித்தோம். ஊசிக்குப் பதிவுசெய்யும் கோவின் தளம் அப்போது ஆங்கிலத்தில் மட்டும்தான். தெருவுக்கே நான்தான் ஓடிபி வாங்கிப் பதிவுசெய்தேன். போட்டுக்கொண்ட பிறகு எங்களில் இரண்டு மூன்று பேருக்கு அந்த மாதம் தள்ளிப்போனது. ஒருத்திக்கு அதிகமாகப் போனது. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: “வதந்தியை நம்பாதேம்மா.”

நாங்கள் வதந்தியைச் சொல்லவில்லை, எங்கள் உடம்பைச் சொன்னோம். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பெண்களின் கணக்கை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊசிக்குப் பிறகு மாதவிடாய்ச் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீளலாம், அது தற்காலிகமானது, கவலைப்பட ஏதும் இல்லை என்று அது சொன்னது. ‘ஆமாம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள். ஏன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்’ என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் போதும், நான் அதைப் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். முத்திரையை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன சொல்ல?

‘இன்னார்’ கிடைக்கவில்லை என்றேன். ஒரே ஒருவர் கிடைத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிக்கு வரும் சுகாதார செவிலியர், எல்லோருக்கும் நர்ஸ் அக்கா. 2021 மே மாதம், ஆவி பிடித்தால் கிருமி ஓடிவிடும் என்ற வீடியோவைப் பார்த்துவிட்டு ஆயாவுக்குப் பானையில் வெந்நீர் வைத்தார்கள். பானை சரிந்து தொடையில் கொட்டிவிட்டது. அந்தச் சமயத்தில் பல ஊர்களில் பொது இடத்திலேயே ஆவி பிடிக்க ஏற்பாடு செய்து, அதனால் தொற்று பரவக்கூடும், வேண்டாம் என்று அன்றைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்லவேண்டியிருந்தது. புண்ணுக்கு மருந்து போட வந்த நர்ஸ் அக்காவிடம் ஆவியைப் பற்றிக் கேட்டேன். “மூக்கடைப்புக்குச் சுகமா இருக்கும், கிருமியைக் கொல்லாது. ஒரு நாளைக்கு எத்தனை தரம்னு எனக்கே சந்தேகம், டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். மறுநாள் முக்கால் நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். பின்னால் அவர் ஸ்கூட்டர் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. அதைக் குடும்பக் குழுவில் போட்டேன். பெரியப்பா அதற்குப் பதிலே போடவில்லை. ஆனால் அந்த ஆவி வீடியோவை மறுபடி அனுப்பவும் இல்லை. அந்த ‘எனக்கே சந்தேகம்’ என்ற வார்த்தை எந்தச் சுவரொட்டியும் செய்யாததைச் செய்தது.

இனி நான் கேட்பது.

அடுத்த நோய் வரும்போது, தினமும் மாலை ஒரு நிமிடக் குரல் பதிவு ஒன்றை மாவட்டத்திலிருந்து விடுங்கள். வீடியோ வேண்டாம், டேட்டா தின்னும், அம்மா கூடையோடு நடந்துகொண்டே கேட்க முடியாது. நம் கடலூர்ப் பேச்சில், பொறுப்பான ஒரே ஆள் பேசட்டும். தேதியும் நேரமும் குரலுக்குள்ளேயே இருக்கட்டும். 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்ற சுவாச வைரஸ் பற்றிய பேச்சு கிளம்பியபோது, 2020-ன் ஊரடங்கு வீடியோ ஒன்று தேதி இல்லாமல் தம்பியின் குழுவுக்கு வந்து, இரண்டு பேர் விடுதியைக் காலிசெய்யப் பெட்டி கட்டிவிட்டார்கள். அந்த வைரஸ் 2001-லேயே கண்டறியப்பட்டது என்ற ஒரு வரி போதுமாக இருந்தது.

எந்த ஊருக்கு என்பதையும் சொல்லுங்கள். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. என் அத்தை பாகூரில் இருக்கிறார். அங்கே ஒரு விதி, இங்கே ஒரு விதி. ‘நாளை முதல் கடைகள் மூடல்’ என்று அங்கிருந்து வரும் உண்மைச் செய்தி, ஆற்றைத் தாண்டியதும் பொய்யாகிவிடும். அனுப்பியவர்மேல் தப்பில்லை. புதுச்சேரி அரசோடு பேசி, எல்லையில் இருப்பவர்களுக்காவது இரண்டு விதிகளையும் சேர்த்துச் சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

நேற்றுச் சொன்னதை மாற்றுகிறீர்கள் என்றால், மாற்றுகிறோம் என்றும் ஏன் என்றும் சொல்லுங்கள். ‘வதந்தி பரப்பினால் கைது’ என்ற அறிவிப்பை மட்டும் தனியாக விடாதீர்கள். 2020-ல் அதைப் பார்த்துப் பயந்தது வதந்தி பரப்பியவர்கள் இல்லை, ‘இது உண்மையா?’ என்று குழுவில் கேட்க நினைத்த பிள்ளைகள்தான். கேட்டால் கைதாகிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். நோயாளி பட்டியல் கசிந்தால், அதற்கும் அதே வேகத்தில் நடவடிக்கை எடுங்கள்.

நர்ஸ் அக்காக்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இதையும் அவர்கள் தலையில் கட்டப்போகிறீர்கள் என்றால், தினம் அரை மணி நேரமாவது அதற்கென்று ஒதுக்கி, கேள்வி வந்தால் கேட்டுச் சொல்ல ஒரு மருத்துவரையும் கூடவே கொடுங்கள்.

புயல் கூண்டில் 11 எண்கள் உண்டு. பத்து வரைக்கும் புயலின் ஆபத்தைச் சொல்லும். பதினொன்றாவது புயலைப் பற்றியதே இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி உங்கள் பாடு என்பதுதான் அதன் பொருள். 2020 மே மாதம் எங்கள் தெருவில் ஏறியிருந்தது அந்தக் கூண்டுதான்.

அம்மாவின் ஏலக் குழுவில் 43 பெண்கள். உங்கள் குரல் பதிவு வந்தால், மறுநாள் விடிகாலை நானே துறைமுகத்துக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுகிறேன். பேசுபவர் பெயரும் தேதியும் முதல் வரியிலேயே வந்துவிடட்டும். ஏலத்தில் சத்தம் அதிகம், இரண்டாம் வரி யார் காதிலும் விழாது.

இப்படிக்கு,
முதுநகர் மீன்காரம்மாவின் மகள்